மூன்றாம் எண் கூண்டு

பாம்பனில் மூன்றாம் எண் ஏற்றியிருக்கிறார்கள்.
டோக்கன் இல்லை.
நாலு நாளாய் வலையும் நானும்
ஒரே மூலையில் கிடக்கிறோம்.

ரோஸ்லின் விடியற்காலை பஸ்ஸில்
ராமநாதபுரம் போய்விட்டாள், பரீட்சை எழுத.
ஹால் டிக்கெட்டை இரண்டு பாலித்தீனில் சுற்றிக்கொண்டே
சொன்னது மூன்று:
பத்து மணிக்குக் கேழ்வரகுக் கூழ்.
செல்போனைக் காட்டாதே.
அவளைத் தூங்கவைக்கிறேன் என்று நீ தூங்கிவிடாதே.

செல்போனைக் காட்டவே முடியாது ரோஸ்லின்,
நேற்றிரவு போன கரண்ட் இன்னும் வரவில்லை.

மெரோனாவுக்குப் பத்து மாதம்.
கதவுப் பக்கம் கைநீட்டி 'த்தா' என்கிறாள்.
த்தா என்றால் காக்கா,
த்தா என்றால் எதிர்வீட்டு ஜஸ்டஸின் பைக்,
த்தா என்றால் என்னை இங்கிருந்து கொண்டுபோ.
எங்கே கொண்டுபோக?
வாடைக்காற்று பனைகளை முறுக்கிப் பிழிகிறது.
யார் வீட்டு ஆடோ வந்து
நம் கழிவறைக்குள் நிற்கிறது.

வலை மிதப்பைக் கொடுத்தேன். நக்கினாள், எறிந்தாள்.
சாவிக்கொத்து. எறிந்தாள்.
ஈயக்குண்டை அவள் பார்க்குமுன் பரண்மேல் போட்டேன்,
பார்த்துவிட்டாள்.
அதற்கு ஒரு அரைமணி அழுகை.

மீன் பெட்டியைக் கவிழ்த்துத் துடைத்து,
அந்தத் தெர்மாகோல் வள்ளத்தில் அவளை உட்காரவைத்து
சிமெண்டுத் தரையில் இழுத்தேன்.
பதினாறு வருஷம் எஞ்சின் பக்கத்திலேயே நின்றவன்,
அந்தச் சத்தம் வாயில் வரமாட்டேன் என்கிறது.
ஏதோ ஆட்டோ போலக் கனைத்தேன்.
அடுப்படி வரை ஒரு நடை, கட்டில் வரை ஒரு நடை,
திரும்பிப் பார்த்தால்
வள்ளத்தின் விளிம்பைத் தின்றுகொண்டிருக்கிறாள்.

விரல்விட்டுத் துழாவினேன்.
இருக்கிற இரண்டு பல்லாலும் கடித்தாள்.
கெளுத்தி முள் ஏறியபோதுகூட
நான் அப்படிக் கத்தியதில்லை.
அவள் சிரித்தாள்.
சரி என்று இன்னொரு முறை கத்தினேன்.
பதினோரு முறை செல்லுபடியானது.
பன்னிரண்டாவதில் உதட்டைப் பிதுக்கினாள்.

கூழில் பாதி அவள் வயிற்றில்,
பாதி என் பனியனில்.
பத்தே முக்கால்தான் ஆகியிருந்தது.
கடலில் பத்தே முக்கால் இப்படி நின்றதில்லை.

அப்போதுதான் கூரை ஒழுகத் தொடங்கியது.
போன மழையில் நான் தார் பூசிய
அதே ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை.
போட்ட எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு:
டிங்.

அழுகை நடுவில் நின்றது.
தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
டிங்.
முழு உடம்பும் குலுங்கச் சிரித்தாள்.
தட்டை எடுத்துவிட்டு ஈயச்சட்டி வைத்தேன்: டொங்.
பால்பொடி டப்பா மூடி: டப்.
பிளாஸ்டிக் வாளியை அவள் மதிக்கவில்லை.
ஓட்டையை அடைக்கும் பசை சட்டைப்பையில் இருந்தது,
இருக்கட்டும் என்று விட்டேன்.
ஒவ்வொரு சொட்டுக்கும் முன்னால்
மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறாள்.
தூண்டிலில் முதல் இழுப்புக்கு
நான் இப்படித்தான் உட்கார்ந்திருப்பேன் போல.

பன்னிரண்டரைக்கு மழை விட்டது.
நாலு நாளாய் மாதாவிடம் நான் கேட்டது இதைத்தான்.
தெருவில் யாரோ கத்திக்கொண்டு போகிறார்கள்,
கூண்டை இறக்கப்போகிறார்களாம்,
நாளைக்கு டோக்கன் உண்டாம்.
இங்கே டிங்குக்கும் டிங்குக்கும் நடுவில்
ஒரு சுருட்டு பிடித்துவிடலாம்.
பிறகு அதுவும் இல்லை.

மெரோனா கூரையைப் பார்க்கிறாள்.
தட்டைப் பார்க்கிறாள்.
நான்தான் நிறுத்தினேன் என்பதுபோல
என்னைப் பார்க்கிறாள்.
'த்தா.'

ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
சொம்பில் தண்ணீர் மொண்டு மேலே ஏறி,
ஓட்டைக்கு நேர் கீழே கையை நீட்டி,
கடி வாங்கிய அதே விரலால்
ஒவ்வொரு சொட்டாக
நான் பெய்துகொண்டிருக்கிறேன்.

நீ வந்து கதவைத் தட்டினால்
கொஞ்சம் பொறு, ரோஸ்லின்.