அகற்றியவர்

எருவேரா என்று அவன் பெயர் சொன்ன அன்று
கொட்டிலில் பதினொரு பெண்களும் சிரித்தோம்.
எருப் போட வந்தவனோ, என்றாள் யோகவதனி.
நியூசிலாந்து இராணுவத்தில் இருந்தவனாம்.
வெள்ளைக்காரன் இல்லை.
முழங்கை வரை பச்சை குத்தியிருந்தான்.

அம்பகாமத்தில் காலை ஆறரைக்கெல்லாம்
முகக்கவசம் போட்டு முழங்காலில் நிற்போம்.
ஒரு நாளில் ஒருத்திக்கு எட்டுச் சதுர மீற்றர்,
மழை பெய்தால் அதுவும் இல்லை.
பத்து மணிப் பிளேன்ரீக்கு வரும்போது
பழைய அறிக்கைத் தாளின் பின்பக்கத்தில்
தன் சனத்தின் பாஷையை எழுதிக் காட்டுவான்.

தங்கோ, என்றான் முதல் நாள்.
எங்கட காதுக்கு அது
நில், போகாதே என்று கேட்டது.
இல்லை, எடுக்கிறது. அகற்றுகிறதும் அதுதான்.
எங்களுக்கும் அப்பிடித்தான், என்றேன்.
காலில் முள் எடுக்கிறோம், படம் எடுக்கிறோம்,
கடன் எடுக்கிறோம், கட்டாமல் விட்டால்
லீசிங்காரன் வந்து மோட்டார்சைக்கிளை எடுக்கிறான்.
மிதிவெடியும் அதே எடுதான்.

இன்னொரு நாள் எழுதினான்: ரிரோ.
போய்விட்டது. கொண்டுபோயாயிற்று.
பறிபோன காணிக்கும் அந்தச் சொல்,
செத்துப்போன மனிசருக்கும் அந்தச் சொல்.
ஆர் கொண்டுபோனதெண்டு சொல்லத் தேவையில்லையோ?
விரும்பினால் சொல்லலாம், என்றான்.
பின்னால் ஒரு சின்ன 'இ' வைத்து
ஆளின் பெயரைப் போடு.

அந்த 'இ' எங்களிடம் 'ஆல்'.
மூன்றாம் வேற்றுமை.
ஏழாம் வகுப்பில் அடி வாங்கிப் படித்தது.

வட்டுவாகல் தாண்டி
கோகுலரமணனை பஸ்சில் ஏற்றிய நாளிலிருந்து
எத்தனை படிவம் நிரப்பியிருப்பேன்.
பெயர். வயது. உயரம். கடைசியாகக் கண்ட இடம்.
கடைசியாக உடுத்திருந்தது: நீலச் சாரம்.
ஆல் போட ஒரு பெட்டி இல்லை.
ஒருமுறை ஓரத்தில் எழுதினேன்.
ஓரத்தில எழுதாதேங்கோ அக்கா, என்றான் கிளார்க்,
போட்டோகொப்பியில் விழாது.

இங்கே எங்கள் தாளில்
வகை, ஆழம், திகதி,
கடைசிப் பெட்டி: அகற்றியவர்.
இருநூற்றுப் பன்னிரண்டு முறை
கையெழுத்து வைத்திருக்கிறேன் அதில்.
துருப்பிடித்த ஆணி ஒன்று வந்தாலும்
எடுத்தது ஆரெண்டு கேட்கிறார்கள்.

ஆவணியில் காசு முடிந்து அவனை வரச் சொல்லிவிட்டார்கள்.
தன் ஊரில் போகிறவர்
இருக்கிறவருக்கு 'இரு' என்று சொல்வாராம்.
இருக்கிறவர் பதிலுக்குப் 'போ' என்று சொல்லவேணும்.
பழக்கித் தந்தான், ஒருத்திக்கும் வாய் வரவில்லை.
போட்டு வாங்கோ, என்றோம்.
பிக்கப் ஏ-ஒன்பதில் ஏறித் திரும்பிற்று.
யோகவதனி கேட்டாள்,
இனி இந்த மிச்சக் காட்டுக்கு ஆர் காசு தருவினம்?

அடுத்த நாள் ஏழு இருபதுக்கு மெஷின் கத்திற்று.
குந்தி, பக்கவாட்டில் சுரண்டி,
சுரண்டி, ஊதி, சுரண்டி,
விரலளவு, இன்னும் விரலளவு.
பால்மாப் பேணி மூடி.

மூடி, ஒன்று. ஆழம் ஒன்பது சென்ரிமீற்றர்.
அகற்றியவர் என்ற பெட்டியில்
'என்னால்' என்று எழுதிவிட்டேன்.
மேற்பார்வைக்காரி பார்த்துத் தலையில் அடித்தாள்.
வெட்டிவிட்டு
பெயரை எழுதினேன்.