பத்து ஆர், ஒரு எஸ்

கால் எனக்குச் சொல்லவில்லை.
மெயின் வீதிக் கடையின் வெள்ளை டைல்ஸ்தான் சொன்னது:
நான் நடந்த இடமெல்லாம் சிவப்புப் பொட்டு.
சேலைப் பெட்டி உடைத்த ஆணி
செருப்பைத் துளைத்து
உள்ளங்காலில் குடியிருந்திருக்கிறது,
காலை பத்திலிருந்து.
இருபத்திரண்டு வருஷம் நின்றே விற்ற கால்.
சீனி வருத்தம் அதன் வாயைக் கட்டிவிட்டது.

ஆமர் வீதி ஃபார்மசியில் துண்டு கேட்கவில்லை.
சிவப்பும் கறுப்புமாய் ஒரு கார்ட்.
ஏழு நாள் போடுங்கோ என்றான் பெடியன்.
மூன்றாம் நாள் புண் காய்ந்தது, நிறுத்தினேன்.
மிச்சத்தை அலுமாரியில் வைத்தேன்,
யோகமலருக்குத் தொண்டை நோவு வந்தால் உதவும்.
வந்தது. உதவியது.
பிறகு மறுபடி கால். பிறகு வேறு நிறத்தில் ஒரு கார்ட்.
இப்படி நாலு தரம்.

பெரியாஸ்பத்திரி, பதினோராம் கட்டில்.
புண்ணில் பஞ்சுக் குச்சி தோய்த்துக் கொண்டுபோனவர்கள்
மூன்று நாளில் ஒரு தாள் அனுப்பினார்கள்.
மருந்துகளின் பெயர், எதிரே ஒற்றை எழுத்து.
மிஸ் வாசித்தாள்:
ஆர். ஆர். ஆர். ஆர்.
ஆர் எண்டால் ஆர், என்று கேட்டாள் யோகமலர்.
மிஸ்ஸுக்கு விளங்கவில்லை, சிரித்தாள்.
"கேக்காது எண்டு அர்த்தம்"
பக்கத்துக் கட்டில் முபாரிஸ் நானா சொன்னார்.
அவருக்கு ஏழு ஆர். எனக்குப் பத்து.

ஒவ்வொரு மருந்தாய் வந்து தட்டுகிறது.
உள்ளே படுத்திருப்பவன்
எழும்பாமலே கேட்கிறான்: ஆர்?
எல்லாம் கேட்டுப் பழகிய குரல்கள்.
திறக்க மாட்டான்.

கடைசி வரியில் ஒரே ஒரு எஸ்.
அந்த ஊசி வார்ட்டில் இல்லை, வெளியே வாங்க வேண்டும்.
இன்று யோகமலரின் கையில் காப்பு இல்லை.
நான் கேட்கவில்லை.

காலையில் பெரிய டொக்டர்
கணுக்காலுக்கு மேல் ஊதாப் பேனையால் கோடு போட்டார்.
சற்றுக் கோணல். துணி வெட்டுகிறவனுக்குத் தெரியாதா.
தையலுக்கு விட்டீங்களா, என்றேன் சிங்களத்தில்.
குனிந்து பார்த்தார்.
விட்டிருக்கு, என்றார்.
ஊசி பிடித்தால் விரல்களோடு போகலாம்,
வெள்ளி வரை பார்ப்போம்,
கோட்டைக் கழுவ வேண்டாம்.

இரவு பத்து. கடை பூட்டி
வீட்டுக் கதவைத் தட்டுகிற நேரம்.
சேலைன் குழாயில் துளி இறங்குகிறது.
உள்ளேயிருந்து ஆர் என்கிறது.
நான்தான், என்றேன்,
முபாரிஸ் நானா எழும்பாத குரலில்.