நூற்றுக்கு ஐந்து

மார்ச் முப்பத்தொன்றோடு
நம் பழைய வட்டி காலாவதி என்று
வங்கி எழுதியிருந்தது,
பால் புட்டிக்குச் சொல்வது போல.

ஆர்ப்ரோத்தில் அன்று கடல்
சாலைக்கு ஏறி வந்து
பேருந்து நிறுத்தத்தை நனைத்துவிட்டுப் போயிருந்தது.
நீ ஈரக் காலுறையைக் கழற்றி ஹீட்டரில் போட்டாய்.
நான் கால்குலேட்டரை எடுத்தேன்.

இரண்டு ஆண்டுக்குக் கட்டிவைத்தால் நான்கு எண்பத்தொன்பது.
ஐந்துக்கு நான்கு அறுபத்திரண்டு.
பத்துக்கும் உண்டாம்.
"பத்தா? பாய்லரே பத்து தாங்காது" என்று
நீ சிரித்ததில் தொடங்கியது வினை.
அதன்பின் கண்ணில் பட்டதையெல்லாம்
அந்த முழக்கோலால் அளந்தோம்.
பாய்லர் மூன்று, அதுவும் கெஞ்சினால்.
கூரையின் வடக்குப் பக்கம் அடுத்த புயல் வரை.
எய்லித் பள்ளியை முடிக்க ஒன்றே கால்.
உன் முழங்கால்.
மீன் புகைபோடும் கூடத்தில் என் ஒப்பந்தம்.
நாய் தலை தூக்கிப் பார்த்தது.
அதன் கணக்கை மட்டும்
இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை முகவர் பேசினாள்.
கிர்ஸ்டி. குரலுக்கு இருபத்தாறு வயது இருக்கும்.
வட்டி இறங்குமா என்று கேட்டோம்.
"அது தெரிந்தால்
ஃபோர்ஃபாரில் ஒரு பேக்கரி மாடியில்
நான் ஏன் உட்கார்ந்திருக்கிறேன்?" என்றாள்.
எனக்கு அவளைப் பிடித்துப்போனது.
பிறகு, படிவத்தைப் பார்த்துப் படிக்கும் குரலில்,
"அடுத்த ஐந்து ஆண்டில்
உங்கள் இருவர் நிலைமையிலும்
மாற்றம் ஏதும் எதிர்பார்க்கிறீர்களா?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தோம்.
கேள்வி மேசை நடுவில் கிடந்தது,
உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்.
ஃபிரிட்ஜ் உறுமி அடங்கியது.
"இல்லை" என்று சொல்ல
எவ்வளவு நேரமாகும், இன்னிஸ்?
கெட்டிலை அணைக்கும் நேரம்கூட ஆகாது.
நீ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டாய்.
நானும்தான்.

என் பக்கத்துக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.
போன அக்டோபரில், மதிய இடைவேளையில்,
டண்டீயில் ஒற்றைப் படுக்கையறைக்கு
என்ன வாடகை என்று பார்த்தேன்,
புகைவாடை போகாத விரலால்.
ஆற்றைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது.
காலை விட்டு ஆழம் பார்க்கவில்லை;
கரையில் நின்று ஒரு கல் எறிந்தேன்,
சத்தம் எப்படி வருகிறது என்று.

உன் பக்கத்தில் என்ன என்று
நான் கேட்கவில்லை. இன்றுவரை.

கிர்ஸ்டி விளக்கிக்கொண்டிருந்தாள்.
இடையில் விற்றால், ஒருவர் பெயரை எடுத்தால்,
முன்கூட்டி முடித்துக்கொண்டால்
முதலாண்டு நூற்றுக்கு ஐந்து அபராதம்,
அடுத்தது நான்கு, அப்படியே இறங்கி
கடைசி ஆண்டில் ஒன்று.
வங்கிக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று நினைத்தேன்.
ஆண்டு ஏற ஏற அல்லவா
விட்டுப்போகும் விலையும் ஏறும்?
பத்தொன்பது ஆண்டுக்கு
நூற்றுக்கு எத்தனை போடுவார்கள்?

"இரண்டு" என்றேன் நான்.
"ஐந்து" என்றாய் நீ.
ஒரே மூச்சில்.
பேக்கரி மாடியிலிருந்து, தயங்கி,
"மூன்றும் இருக்கிறது" என்றது குரல்.

நீ என்னைப் பார்க்கவில்லை.
ஹீட்டரில் கிடந்த காலுறையைத் திருப்பிப் போட்டபடி,
"ஐந்து என்றால் மாதம்
இருபத்திரண்டு பவுண்ட் மிச்சம்" என்றாய்.
வேறொன்றும் சொல்லவில்லை.
வேறெந்த நாணயத்திலும்
உனக்குச் சொல்ல வராது என்பது
எனக்குத் தெரியும்.

கையெழுத்துப் போட்டோம்.

மே மாதம் வட்டி இறங்கியது.
மூன்று நாள் நீ
வங்கியை, அரசாங்கத்தை, வானிலையைத் திட்டினாய்.
நாலாம் நாள்
நான் கூரைக்காரனுக்குப் போன் போட்டேன்.
வடக்குப் பக்கத்துக்குப் புது ஓடு போட்டால்
எத்தனை வருட உத்தரவாதம் என்று கேட்டேன்.
இருபது என்றான்.
பேனாவைத் தேடினேன்.