வெற்றுச் சுவர்

முக்கூடல் சாலையில் பழைய உரக்கிடங்கு.
இனி அது பால்வாடி.
கோமதிநாயகம் உளி வைத்துக் கொத்தி
அலுமினியத் தாளில் மடித்துக் கொண்டுவந்தார்:
வடக்குச் சுவர், தரையிலிருந்து ஒரு முழம்,
மூட்டை சாய்த்திருந்த இடம்.
"சுவத்துல என்ன மேடம் இருக்கப்போவுது,
சுண்ணாம்பும் மணலுந்தான."

சுண்ணாம்பு, ஆற்று மணல், கடுக்காய்த் தண்ணீர்,
வருஷா வருஷம் அடித்த வெள்ளை,
மண்ணெண்ணெய், எலிமூத்திரம், கந்தகம் –
ஹெக்சேன் யாரையும் விசாரிக்கவில்லை,
எல்லாரையும் கூட்டி வந்துவிட்டது.

திரையில் சிகரம் எதுவும் இல்லை. ஒரே மேடு,
களத்து நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடினாற்போல்.
உள்ளே எங்கோ படுத்திருக்கிறது டி.டி.டி.

செம்புத் துருவல் போட்டேன்.
கந்தகத்தைத் தின்று செம்பு கறுத்தது.
புளோரிசில் தூணில் இறக்கினேன்,
முதல் வடிப்பு, இரண்டாம் வடிப்பு.
மேடு தணிந்தது. போகவில்லை.

தூய கரைசலில் தனியே அனுப்பினால்
நுழைவாயில் கண்ணாடியே கொஞ்சம் நஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.
அழுக்கோடு அனுப்பினால்
அழுக்கைப் பிடித்துக்கொண்டு நஞ்சை விட்டுவிடும்.
ஆகவே அளவுகோலுக்கும் அழுக்கு வேண்டும்.
அதே வயது, அதே மணல்,
நஞ்சு மட்டும் படாத ஒரு சுவர்.

வீரவநல்லூரில் எங்கள் வீடு அந்த வயதுதான்.
ஞாயிற்றுக்கிழமை, படுக்கையறையில்,
காலண்டருக்குப் பின்னால் சுரண்டினேன்.
மாமியாருக்குத் தெரியாது.

திங்கள் மதியம் அருள்ராயன் சார் போனில்:
"ரிப்போர்ட்டு எப்பம் தருவீய?
திறப்பு விழாவுக்கு நாள் குறிச்சாச்சி."
வெற்று ஓடிக்கொண்டிருந்தது.
அறுத்த வயலாய்க் கிடந்த கோட்டில்
பதினெட்டேகால் நிமிடத்தில்
நெட்டுக்குத்தாய் எழுந்து நின்றது ஒன்று.

சிரிஞ்சைக் கழுவினேன்.
ஹெக்சேன் மட்டும் அனுப்பினேன்: சமதரை.
மறுபடி என் சுவர். மறுபடி அது.

மாலையில் காலண்டரைக் கழற்றிவிட்டு
நீலச் சுண்ணாம்பை நகத்தால் உரித்தேன்.
செங்காவி, அச்சு வைத்து அடித்த எழுத்து:
டி.டி.டி. 9/74.
அப்போது இது முன்கூடமாம்.
மலேரியாக்காரர் வந்து போன செப்டம்பர்.
கொசுவுக்கென்று அடித்ததுதான்.

பதிவேட்டில் 'வெற்று: செல்லாது' என்று எழுதினேன்.
இந்த ஜில்லாவில் எங்கே போய்த் தேட,
யாரும் எதற்கும் பயந்து மருந்தடிக்காத
ஒரு பழைய சுவரை?

ராத்திரி கட்டிலை
ஒரு முழம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டேன்.
எதுக்குட்டி, என்றார் மாமியார்.
காத்து வரட்டும் என்றேன்.