எள் விழ இடம்

அபியோ, நீ கேட்டாய் என்பதால் சொல்கிறேன்,
போனில் சார்ஜ் இருக்கும்வரை.

இந்த வருஷமும் கை வீசித்தான் தூவினேன்.
மணல் கலந்து தூவச் சொன்னார்கள், கலக்கவில்லை.
பதினைந்தாம் நாள் போய்ப் பார்த்தால்
எள் விழ இடமில்லாமல்
எள் முளைத்து நிற்கிறது.

குழி எருவில் குறையில்லை.
மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல், சோளத்தட்டை
மூன்று மாதம் புல் மூடிக் கிடந்து
கடைசியில் அள்ளினால் மழை மண் வாசம் மட்டும்.
அத்தனையும் தின்றது அந்தக் கூட்டம்.
தின்று நூல் நூலாய் உயர்ந்தது.
கிளை இல்லை. வெளிச்சத்துக்கு
ஒன்றின் தோளில் ஒன்று ஏறி அடிதடி.

"சாணுக்கு ஒன்று விடு, மற்றதைப் பிடுங்கு"
என்றான் கூட்டுறவு ஓர்யெம்.
சொல்லிவிட்டு சைக்கிள் ஏறினான்.
பிடுங்கப்போவது அவன் கை இல்லையே.

குனிந்தேன். முதல் குத்திலேயே இரண்டு.
ஒரே உயரம், ஒரே பச்சை,
வேரோடு வேர் பிடித்தபடி.
எதை?
வெயில் ஏறும்வரை அவற்றின் முன்னால்
உட்கார்ந்திருந்தேன் என்றால் சிரிப்பாய்.
சிரி.
முந்தி வந்தவள் நீ, பிந்தி வந்தவள் நான்,
நம் பெயருக்கே அதுதான் பொருள்,
அபியோ, அச்சென்.
நம்மை யாரும் கலைக்கவில்லை.

பிறகு பிடுங்கினேன்.
வலப்பக்கத்ததை. காரணம் கிடையாது,
வலக்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

மூன்று நாள். இடுப்பு என்னுடையதுதானா என்று சந்தேகம்.
கரையான் புற்றுக்கு அப்பால் ஒரு துண்டை
அப்படியே விட்டுவிட்டேன்.
சோம்பல் என்று வைத்துக்கொள், இரக்கம் என்று சொல்லாதே.

பிடுங்கியதை ஆடு தின்றது.
எள் எண்ணெய்க்குக் காய்கிறது,
புழுக்கை எதற்குக் காய்கிறது என்பார்கள்.
இங்கே அதுவும் எள்ளுக்குத்தான் காய்கிறது.
அடுத்த குழி பாதி நிறைந்துவிட்டது.

நேற்று அறுத்துக் கட்டிச் சாத்திவைத்தேன்.
கலைத்த செடிக்கு ஏழு எட்டுக் கிளை,
முழங்காலிலிருந்தே காய்.
ஒரு கட்டைக் கவிழ்த்துத் தட்டினால்
பேசினில் ஆலங்கட்டி மழை.
புற்றுப் பக்கத்துக் கட்டையும் தட்டினேன்.
பேசினின் அடியில் இருக்கும் பூப்படம்கூட மறையவில்லை.

விலையா? தெரியாது.
வியாபாரி வெள்ளிக்கிழமை வருவான்.

இன்னொன்று.
நம்மை யாரும் கலைக்கவில்லை என்றேன் இல்லையா,
தட்டிக்கொண்டே யோசித்தேன்.
அப்பாவின் நிலம் இவ்வளவுதான், நாம் இரண்டு பேர்.
குலு பஸ் ஏறியது நீ.
அன்று வலக்கைப் பக்கம்
நீ நின்றாய், அவ்வளவுதானா?

பதில் சொல்லாதே, சார்ஜ் போகிறது.
அந்தப் பெரிய கட்டின் எள்ளைத்
தனி மூட்டையாய்த் தைத்திருக்கிறேன்.
ஒரு அறையில் ஆறு பேர் படுக்கிறோம் என்றாயே,
அதை வைக்க
இடம் இருக்குமா?