கிணற்றுக் கயிறு

சனிக்கிழமை விடியலில் அது கரையேறிக் கிடந்தது,
சின்ன ஏர்வாடிக்கு மேற்கே,
பாதி மணலில், பாதி அலையில்.
நீல நிறம். இருபதடி.
எந்தக் கப்பல் தவறவிட்டதோ,
காணோம் என்று தேடி யாரும் வரவில்லை.

நான் கிராம உதவியாளர்.
விசில் கொடுத்தார்கள். கயிறு கொடுக்கவில்லை.
வீட்டுக் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து வந்து
நான்கு உடைமரக் கம்பு ஊன்றிச் சுற்றிக் கட்டினேன்.
அங்கே அன்றைக்கு
அதுதான் அரசாங்கம்.

நீர் வற்றினால் தாசில்தார் பொறுப்பாம்.
பெருகினால் கடலோரக் காவலாம்.
உள்ளே இருக்கும்வரை சுங்கத்துறையாம்,
வெளியே கசிந்தால் மாசுக் கட்டுப்பாடாம்.
நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிற கடல்
எத்தனை கோப்பில் கையெழுத்துப் போடும்?
ஒவ்வொரு பெருக்குக்கும்
நான் கம்புகளைப் பிடுங்கித் தள்ளி நட்டேன்.

கதவில் சாய்சதுரமாய் ஒரு தாள்.
அதில் ஒரு கை.
கைமேல் ஏதோ சொட்டுகிறது.
"மருதாணி விளம்பரமா?" என்றாள் காளீஸ்வரி.
எழுத்துத் தெரியாத லூர்துக்கனிதான்
அதைச் சரியாகப் படித்தாள்:
"இல்லடி. கை கரையுது."

திங்கள் மதியம் பொறியாளர் நிலோஃபர் வந்தார்,
ரப்பர் கையுறை, முகமூடி, இரண்டு பாட்டில்.
முதலில் சீலைப் பார்த்தார். எண் சரி. அறுபடவில்லை.
"சீல் பத்திரமா இருக்கு சார்" என்று போனில் சொன்னார்.
பிறகு குனிந்தார்.
அடித்தகடு துருவேறி
சாண் அகலத்துக்கு வாய் திறந்திருந்தது.
போனைக் காதில் வைத்தபடியே
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

பாசி எடுக்கும் பெண்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம்,
விரல்களில் துணி சுற்றி, காலில் கட்டும் தட்டைக் கையில் பிடித்து.
"நாளைக்கு இறங்கலாமா மேடம்?"
அவர் படிவத்தைப் புரட்டினார்.
நீளம், அகலம், எண், எடை, காற்றின் திசை.
புரட்டி முடித்து மூடினார்.
"அறிக்கை வரட்டும்."

அறிக்கைக்குப் பதினாறு நாள்.
அடுப்புக்கு அவ்வளவு பொறுமை இல்லை.
ஐந்தாம் நாள் லூர்துக்கனி இறங்கினாள்.
விசில் ஊதினேன்.
முங்கியிருப்பவளுக்கு விசில் எங்கே கேட்கும்?

கிரேன் வந்து பெட்டியைத் தூக்கிப் போன பிறகு
காகிதம் வந்தது:
"அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்."
நான்தான் உரக்க வாசித்தேன்.
எல்லோரும் இறங்கினார்கள்.

கம்புகளைப் பிடுங்கிக் கயிற்றைச் சுருட்டுகையில்
கையெழுத்து வாங்க வந்த நிலோஃபர்
ஜீப்பில் ஏறியவர், இறங்கி வந்தார்.
எந்தக் காகிதமும் எடுக்கவில்லை.
"அக்கா, அதை மறுபடி கிணத்துல போடாதீங்க."

புதுக் கயிறு நூற்றெண்பது ரூபாய்.
பழையது உடைமரத்தில் தொங்குகிறது,
தண்ணீரில் கிடந்த நான்கு முழம் மட்டும் வெளுத்து.

நேற்றுக் குடத்தோடு வந்த லூர்துக்கனி,
ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்:
"நல்ல கயிறாச்சே, ஏன் மாத்தினே?"

இத்துப்போச்சு என்றேன்.