அரிப்பு

செராயா தோட்டம், பதினேழாம் நம்பர் பிளாக்.
செம்பனை மறுநடவு. வடிகால் வெட்டுவது என் வேலை.
மூன்றாவது வாளியில்
எஸ்கவேட்டரின் பல் கீச்சென்றது.
உருண்டைக் கல். அதன் பின்னால் இன்னொன்று.
கோழிமுட்டை, மாங்கொட்டை, தேங்காய்ப் பருமனில்
வெட்டிய சுவர் முழுக்க.

இது மேடு.
ஆறு கீழே முந்நூறு அடி தள்ளி
தேத்தண்ணி நிறத்தில் நெகிழிப் பைகளை இழுத்துப் போகிறது.
கல்லை இப்படி உருட்ட
தண்ணீரைத் தவிர எதற்கும் பொறுமை கிடையாது.
அப்படியானால் இங்கே குடியிருந்திருக்கிறது ஆறு,
வாடகை பாக்கியோடு
சொல்லாமல் வீடு மாறிவிட்டது.

கல்லுக்கு அடியில் கருமணல், ஒரு விரற்கடை.
அதற்கும் அடியில் வெளுத்த களிமண்.
"குழாய் உடைஞ்சிடுச்சா பாய்?" என்று ஷஃபீக் எட்டிப் பார்த்தான்.
எஞ்சினை அணைத்தேன்.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்தபின்
தவமலர் கடைக் குவாலியோடு வந்தாள்,
எண்ணெய்ப் பிசுக்கைத் தீயில் சுட்டுப் போக்கிவிட்டு.
பிசுக்கு இருந்தால் பொடி மிதந்து ஓடிவிடுமாம்.
யார் சொன்னது? நான் கேட்கவில்லை.

அரிசி அரிக்கிற அதே மணிக்கட்டு.
அங்கே ஓடுவதைப் பிடித்து
தங்குவதை எறிவாள்.
இங்கே தலைகீழ்.

முதலில் மலை வெந்தது.
இருபது கோடி வருசம் இருக்கும் என்கிறார்கள்.
ஆழத்திலிருந்து ஏறிய கொதிநீர்
பாறை விரிசலில் வெண்கல்லாக உறைந்தது;
உறைகிற அவசரத்திலும்
கொஞ்சம் பொன்னை மடியில் முடிந்துகொண்டது.
பிறகு மழை.
நம் நவம்பர் மழை இல்லை,
மலை தேய்ந்து மண்ணாகும்வரை விடாத மழை.
வெண்கல் நொறுங்கி மணலாகிக் கடல் பார்க்கப் போனது.
பொன் போகவில்லை.
தண்ணீரைப்போல் பத்தொன்பது மடங்கு கனம் அதற்கு.
வெள்ளம் எங்கே மூச்சு வாங்குகிறதோ,
வளைவின் உள்பக்கம், வேரின் மடக்கு, பாறையின் இடுக்கு,
அங்கே இறங்கி உட்காரும்.
வட்டிக்காரன் வாசலில் உட்கார்ந்த மாதிரி,
எழுப்ப முடியாது.

பழைய ஆபீசை இடித்தபோது
குப்பையில் ஒரு பேரேடு கிடைத்தது.
1937. துலாங் பாஸ்.
லீ ஆ மூய். வோங் சாய் யின். செம்பாயி. மறுபடி ஒரு லீ.
பெயர், லயம், கட்டைவிரல் ரேகை.
செம்பாயிக்கு நேரே சிவப்பு மை:
காலைப் பால்வெட்டுக்கு வரவில்லை, பாஸ் ரத்து.

அவர்களுக்கும் முந்தி கம்பெனி வந்தது.
குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி
குன்றில் பாதியைக் கழுவி மரத்தொட்டியில் ஓடவிட்டது.
டவுன் ரோட்டுக்கு அந்தத் துரையின் பெயர்.
அவன் கழித்துவிட்ட சேற்றின்மேல்தான்
பந்துத்திடல், மாரியம்மன் கோயில்,
தமிழ்ப்பள்ளியின் கிழக்கு வகுப்பறை.
வருசத்துக்கு அரை அங்குலம் இறங்குகிறது அது.
மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் பென்சில் நிற்காது.

இருட்டும் நேரம்
குவாலியின் குழியில் மூன்று பொட்டு.
நான்காவது கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்கு வரவில்லை.
டீசல் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
செலோடேப்பால் ஒட்டினாள் தவமலர்.
விற்றால் நாலு ரொட்டி சானாய் வரும்,
குழம்பு கூட வாங்கினால் மூன்று.

அன்று ராத்திரி என் உள்ளங்கை அரித்தது.
சொறிந்தால் போகவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கச் சொன்னார் மேனேஜர்.
முடித்தேன்.
பிளானில் வடிகால் நேர்கோடு.
ஓர் இடத்தில் மட்டும் லேசாக வளைத்துவிட்டேன்,
தண்ணீர் ஒரு நொடி யோசிக்கிற அளவுக்கு.
"இங்கே ஏன் கோணல்?"
"பாறை, சார்."

அவர் குனிந்து பார்க்கவில்லை.
நேற்று நல்ல மழை.
தவமலர் அந்தக் குவாலியை இன்னும்
கடைக்கு எடுத்துப்போகவில்லை.